யானைக்கும் சேர்த்து ஒரு இன்சூரன்ஸ்

இன்று என் முதல் கார் வாங்கினேன். பழைய வண்டிதான், ஆனால் நல்ல சிவப்பு.

மூணாறில் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டைப் பார்க்க, தேயிலை எஸ்டேட்டுக்கு லீவு போட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் கூடவே வந்தார்கள்.

“தேர்டு பார்ட்டி போதும்,” என்றார் அப்பா. “நீ யாரையாவது இடிச்சா அவங்களுக்குக் குடுத்துருவாங்க.”

“நம்ம வண்டிக்கு அடிபட்டா?”

“மெதுவா ஓட்டு. எப்படி அடிபடும்?”

எனக்கு ஃபுல் கவர்தான் வேண்டும். லைசென்ஸ் வாங்கியே கொஞ்ச நாள்தான் ஆகிறது, என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. ஆனால் அப்பா அசையவில்லை.

அம்மா ஏஜென்ட்டிடம் கேட்டார்.

“சார், எங்க எஸ்டேட் லயத்து வீட்டுப் பக்கம் நின்ன ஜீப்பை யானை தள்ளிட்டுப் போயிருச்சு. அதுக்குத் தேர்டு பார்ட்டில காசு வருமா?”

“வராதும்மா. ஃபுல் கவர் இருந்தாத்தான் கிடைக்கும்.”

அம்மா அப்பா பக்கம் திரும்பினார். “இவ மெதுவாத்தான் ஓட்டுவா. யானைகிட்ட யாரு போயி சொல்றது?”

அப்பா சிரித்துவிட்டார். “ஃபுல்லே போடுங்க சார்.”

இப்போது கார் லயத்து வாசலில் நிற்கிறது. அப்பா அடிக்கடி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

யானை வரும் ஊர்க்காரர்களே, நீங்களெல்லாம் வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள்?