மூச்சுள்ளவரை சம்பளம்

அறைக்குள் வந்ததும் அவள் முதலில் பார்ப்பது குதிகாலை. "எப்படி இருக்கீங்க, தூங்கினீங்களா" என்பதெல்லாம் பிறகுதான். போர்வையைக் கால்மாட்டில் தூக்கி, இரண்டு குதிகால்களையும் உள்ளங்கையில் ஏந்தி, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பாள். சிவந்திருந்தால் கட்டைவிரலால் ஓர் அழுத்து. அழுத்திய இடம் வெளுத்து மறுபடி சிவந்தால் போர்வையைப் போட்டுவிடுவாள். வெளுக்காவிட்டால் படுக்கைப்புண்ணுக்கு ஆரம்பம்; வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் விசாரணை.

"நேத்து ராத்திரி காலுக்கடியில இருந்த தலகாணிய யாரு உருவினது?"

தலைக்கு உயரம் போதவில்லை என்று உருவியவரே கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் நடிப்பார்.

பேருந்திலும் இதே கதைதான். எதிர் இருக்கைக்காரர் செருப்பைக் கழற்றினால் போதும், இவள் பார்வை கீழே போய்விடும். "அந்தப் பெரியவருக்குச் சக்கரை இருக்கு சிஸ்டர், கால் நிறத்தப் பாருங்க" என்று என் காதோடு சொல்வாள். அவள் காதோடு சொல்வது ஓட்டுநருக்கும் கேட்கும்.

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. குள்ளம், ஆனால் தோள் அகலம். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பாள். மோதிரம், வளையல் எதுவும் கிடையாது. படுக்கையில் இருப்பவரின் தோலில் கீறிவிடும் என்பதால். பவுடர்கூடப் போடுவதில்லை. "படுத்திருக்கிறவங்களுக்கு நம்ம வாசனை பிடிக்கலன்னா எழுந்து போக முடியாது பாருங்க" என்பாள்.

எந்த வேலையையும் சொல்லிவிட்டுத்தான் செய்வாள். "இப்பத் திருப்பப் போறேன். செவுத்துப் பக்கம் முகம் வரும். ஒண்ணு, ரெண்டு..." மூன்று என்று சொல்வதற்குள் ஆள் திரும்பியிருப்பார். ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். "மூணு வரைக்கும் எண்ணினா உடம்ப விறைப்பா வச்சுக்கிறாங்க சிஸ்டர். ரெண்டுல ஏமாந்திருப்பாங்க. அப்பவே முடிச்சிடணும்."

வீட்டு நோயாளிகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு நிறுவனத்தில் அவள் வேலை பார்த்தாள். வாரம் ஒருமுறை போய்த் தோல், எடை, மாத்திரைப் பெட்டி ஆகியவற்றைச் சரிபார்ப்பது என் வேலை. எத்தனையோ பேர் பார்த்துக்கொண்ட உடம்புகளை நான் பார்த்திருக்கிறேன். இவள் பார்த்துக்கொண்ட உடம்பில் எனக்கு வேலை இருந்ததில்லை.

கடைசியாக அவள் இருந்த வீட்டின் நோயாளி, தொலைபேசி நிலையத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். பக்கவாதம் வலக்கையையும் வலக்காலையும் எடுத்துக்கொண்டது. நாக்கை விட்டுவிட்டது. "எத விட்டிருக்கணுமோ அத எடுத்துக்கிட்டு, எத எடுத்திருக்கணுமோ அத விட்டுடுச்சுன்னு என் மருமக சொல்லித் திரியறா" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். தன்னைவிட ஒரு தலைமுறை இளையவளான இவளுக்கு "மாமியார்" என்று பெயர் வைத்தவரும் அவர்தான். "அடக்க ஒடுக்கமா இருங்கடா, என் மாமியார் வந்துட்டா!" அந்தப் பெயர் வீட்டில் எல்லோருக்கும் தொற்றி, நிறுவனத்துக்குப் பரவி, எனக்கும் வந்துவிட்டது. அவள் கணவர் கட்டடங்களுக்கு வர்ணம் அடிப்பவர். விஷயம் தெரிந்ததும், "ஊருக்கெல்லாம் மாமியார், சம்பளம் வாங்குற மாமியார்" என்றாராம். வர்ணவேலை வெயிலை நம்பியது. மழை மாதங்களில் அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்தது இவள் சம்பளத்தில்.

அரசு மருத்துவமனையில் வார்டு உதவியாளர் வேலைக்கு அவள் தேர்வு எழுதியது மகள் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த காலத்தில். மகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு ஆர்டர் வந்தது. சூப்பர்வைசர் அம்மாளின் நகத்தை வெட்டிக்கொண்டே அதைச் சொன்னாள்.

"சம்பளம்?" என்றார் அம்மாள்.

"இங்க வாங்குறதுல முக்கால்வாசிகூட வராது."

"அப்போ எதுக்குடி போற?"

"இன்னும் முடிவு பண்ணல. அந்த விரல நீட்டுங்க."

வீட்டில் கணவருக்கு இதில் இஷ்டமில்லை. மகளை மேலே படிக்கவைக்க வேண்டும், பணம் அதிகம் வருகிற இடத்தை விட்டுவிட்டுக் குறைவாக வருகிற இடத்துக்கு யாராவது போவார்களா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். நானும் என் பங்குக்குச் சொன்னேன். வார்டில் முப்பது கட்டில் இருக்கும், ஆள் இரண்டே பேர் இருப்பார்கள், மேலே ஏழு பேர் அதிகாரம் செய்வார்கள், இங்கே மாமியாராக இருப்பவள் அங்கே மருமகள் ஆகிவிடுவாள் என்றேன்.

"ஆகிட்டுப் போறேன் சிஸ்டர். மருமகள யாரும் ஃபோன் பண்ணி, நாளையிலேருந்து வர வேணாம்னு சொல்ல முடியாது இல்ல?"

அவளுக்கு அப்படி மூன்று முறை ஃபோன் வந்திருக்கிறது. எங்கள் தொழிலில் ஒரு நோயாளி போய்விட்டால் வேலையும் அன்றோடு போய்விடும். அடுத்த வீடு அமையும்வரை காத்திருக்க வேண்டியதுதான். சில சமயம் ஒரு வாரம், சில சமயம் ஒரு மழைக்காலம் முழுதும். கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருக்கும் குடும்பத்தாரிடம் போய் மிச்சச் சம்பளத்தை எப்படிக் கேட்பது என்பதும் ஒரு கலை. அதைப் பயிற்சி வகுப்பில் சொல்லித்தருவதில்லை.

அன்று நான் கிளம்பும்போது படிக்கட்டில் என்னோடு நின்று, மூன்றாவது வீட்டில் நடந்ததை அவளே சொன்னாள். அங்கே ஒரு முதியவர். சாப்பாடு இறங்காத கட்டம். கஞ்சியை ஸ்பூனில் எடுத்துப்போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"போதும்னு சொல்றார்னு எனக்குத் தெரியும் சிஸ்டர். எத்தனை பேரப் பார்த்திருக்கேன். ஆனா மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டணும். மாசக் கடைசி வரைக்கும் இருங்கய்யா, இருங்கய்யான்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே ஊட்டறேன். அவர் வாயை மூடிக்கிட்டார். நான் ஸ்பூனைத் திணிச்சேன். பல்லுல பட்டுச்சு. அந்தச் சத்தம் கேட்டதும் கீழ வச்சுட்டேன்."

படிக்கட்டுக் கைப்பிடியைச் சுரண்டினாள்.

"அவருக்காக ஊட்டல. எனக்காக ஊட்டினேன். இப்ப இந்த அம்மா ரெண்டு நாள் சரியா சாப்பிடலன்னா எனக்குப் பயம் வந்துடுது. அவங்க உடம்புக்காகப் பயமா, என் வேலைக்காகப் பயமான்னு எனக்கே தெரியல. யார் இருந்தாலும் யார் போனாலும் என் வீட்டு அடுப்பு எரியணும் சிஸ்டர். அப்பத்தான் கை ஒழுங்கா வேலை செய்யும்."



அவள் கிளம்பப் போகிறாள் என்று தெரிந்ததும் சூப்பர்வைசர் அம்மாளின் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் கூடத்தில் உட்காரவைத்தார். ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருப்பவர். கையைப் பிசைந்துகொண்டு பேசுவார். கெட்ட மனிதர் இல்லை, கஞ்சரும் இல்லை.

"உங்கள நாங்க வேத்து ஆளா நினைக்கலம்மா. எங்க வீட்டுப் பொண்ணாத்தான் நினைக்கிறோம்."

"வீட்டுப் பொண்ணுக்கு யாரு சார் சம்பளம் குடுக்கறா? வேலைக்கு வந்தவளாவே நினைங்க. எனக்கு அதுதான் நல்லது."

"சரி, சம்பளம்தானே? இப்ப குடுக்கறதுல பாதி சேர்த்துத் தர்றேன். கவர்மெண்ட்ல கனவுலகூட அவ்வளவு வராது."

"வராது சார். நீங்க குடுப்பீங்க, அதுலயும் சந்தேகமில்ல. எதுவரைக்கும்?"

"எதுவரைக்கும்னா?"

"அம்மா இருக்கிற வரைக்கும் குடுப்பீங்க. அதுக்கப்புறம் மூணு மாசம் குடுப்பேன்னு சொல்லுங்க. வேற வீடு அமையற வரைக்கும் எங்களுக்குத் தாங்கணும். நீங்க ஏத்தித் தர்றதுகூட வேணாம், பழைய சம்பளமே போதும். ஆர்டரத் திருப்பி அனுப்பிடறேன்."

மகனின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! சட்டென்று அம்மாவின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"என்ன பேச்சு இது? அம்மா உள்ள இருக்காங்க."

"தெரியும் சார். கதவு திறந்துதான் இருக்கு."

"நல்ல வார்த்தையாப் பேசுங்களேன். அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது."

"நல்ல வார்த்தைதான் சார் கேக்கறேன். எழுதித் தர வேணாம். வாயால சொல்லுங்க போதும். சிஸ்டர் இருக்காங்க."

அவர் சம்பளத்தை இன்னும் ஒருபடி ஏற்றினார். பிறகு இன்னொரு படி. அவர் சொன்ன தொகையைக் கேட்டு எனக்கே, இந்த வயதில் நானே அந்த வேலைக்குப் போய்விடலாமா என்று தோன்றியது. ஆனால் "அம்மாவுக்குப் பிறகு" என்ற இரண்டு சொல் மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. இரண்டு தடவை ஆரம்பித்தார். தொண்டையைச் செருமினார். தண்ணீர் குடித்தார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "சொல்லித் தொலையேண்டா! சாகப் போறது நான், தொண்டை அடைக்கிறது உனக்கா?"

"அம்மா, நீ சும்மா இரும்மா."

"ஊர்ல இருக்கிறவனையெல்லாம் உக்கார வச்சு, நீ செத்தா உன் பொண்டாட்டிக்கு எவ்வளவு வரும்னு கணக்குச் சொல்லித்தானே நீ வீடு கட்டின? பெத்தவளுக்கு ஒரு கணக்குச் சொல்ல வாய் வரலையா?"

மகன் தலையைக் குனிந்துகொண்டார். "நானே நாள் குறிக்கிற மாதிரி இருக்கு சிஸ்டர். என்னால முடியாது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

மாமியார் கோபப்படவில்லை. அவருக்கு இன்னொரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"பரவாயில்ல சார். உங்க அம்மா, உங்களால சொல்ல முடியல. தப்பே இல்ல. ஆனா யார் போனாலும் சம்பளம் நிக்காதுன்னு சொல்ற இடம் ஒண்ணு எனக்குக் கிடைச்சிருக்கு. நான் போறேன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் மனம் மாறுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கும்படி அவள் முகம் இல்லை. அன்று மாலை கணவரிடம் சொன்னபோது அவர், "அவ்வளவு பணத்த வேணாம்னு சொல்லிட்டியா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாராம். "பணத்த வேணாம்னு சொல்லல. பாதியில நின்னுபோற பணத்த வேணாம்னேன்" என்றாளாம். இரண்டு நாள் அவர் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளுடைய பழைய கறுப்புக் காலணிக்கு, தன் பெட்டியிலிருந்து எடுத்த வர்ணத்தைப் பூசிப் பளபளவென்று வைத்திருந்தாராம். "செவுத்துக்கு அடிக்கிற பெயிண்ட் சிஸ்டர். நடந்தா உதிருது" என்று காட்டினாள்.

வேலையில் சேர வேண்டிய நாள் வரும்வரை அவள் சும்மா இருக்கவில்லை. அம்மாளின் மகனைப் பிடித்துக்கொண்டாள். புதிய ஆள் வரும், ஆனால் வருகிற ஆள் விடுப்பு எடுக்கும், அப்போது யார் திருப்புவது என்பது அவள் கேள்வி. அலுவலகச் சட்டையோடு அவரைக் கட்டில் அருகே நிறுத்தினாள். கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னாள். நகத்தைக் காட்டச் சொன்னாள். காட்டியதும் நகவெட்டியைக் கொடுத்தாள்.

முதல் நாள் அவர் அம்மாவைத் தொட்ட விதம், சூடான பாத்திரத்தைத் தொடுவதுபோல் இருந்தது.

"தோள்ல ஒரு கை, இடுப்புல ஒரு கை. உங்க முட்டிய மடக்குங்க. இழுக்காதீங்க சார், உருட்டுங்க."

"வலிக்குமா?"

"பயந்து பண்ணினா வலிக்கும்."

"பாலிசி விக்கிற மாதிரியே வழியறான் பாரு" என்றார் கட்டிலில் இருந்தவர். "தூக்குடா! உன்ன நான் ஒத்தக் கையில தூக்கிக்கிட்டு ஆஃபீஸ் போயிருக்கேன்."

நான்கைந்து நாளில் அவருக்கு வந்துவிட்டது. நேர்த்தி இல்லை; ஆனால் ஆபத்தும் இல்லை. அதற்கு மேல் ஒரு மகனிடம் நான் எதிர்பார்ப்பதில்லை.

"அங்க முப்பது கட்டில் இருக்கும், நீ இங்க மாதிரி ஒருத்தர ஒரு மணி நேரம் பார்த்துக்கிட்டிருக்க முடியாது. தெரியுமில்ல?" என்று இன்னொரு முறை அவளிடம் சொன்னேன். ஆசை காட்டி அனுப்பக் கூடாது என்பது என் கொள்கை.

"முப்பது கட்டில்னா அறுபது குதிகால் சிஸ்டர். காலையில பாதி, மத்தியானம் பாதி" என்றாள். அதற்குள் மனத்தில் அட்டவணையே போட்டுவிட்டாள்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை அவள் சேர்ந்தாள். காலையில் போகிற வழியில் கடைசியாக ஒருமுறை அம்மாள் வீட்டுக்கு வந்தாள். நானும் இருந்தேன், புதிய ஆளுக்கு மாத்திரைகளைக் காட்டிக்கொடுக்க வந்திருந்தேன். கட்டில் அருகே குனிந்து, தலையணையைச் சரிசெய்து, "வரேம்மா" என்று நிமிரப் போனவளால் நிமிர முடியவில்லை. அம்மாளின் இடக்கை அவள் தோள்பையின் வாரைப் பிடித்திருந்தது.

"போடி, போ. முதல் நாளே லேட்டானா பேர்ல சிவப்பு மை விழும். நான் எத்தனை பேருக்குப் போட்டிருக்கேன் தெரியுமா?"

"கைய விட்டாத்தானே போக முடியும்."

"நானா பிடிச்சிருக்கேன்? பக்கவாதம் வந்த கை. என் பேச்சக் கேக்காது."

"அது அந்தக் கைம்மா."

அம்மாள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிடி தளரவில்லை.

மாமியார் அவசரப்படவில்லை. சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். பிரித்த கையைக் கட்டிலில் போட்டுவிடாமல் தன் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். கார்ச் சாவியோடு கால்மாட்டில் நின்றிருந்த மகனை, சட்டைக் கையைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள். அந்த ஐந்து விரல்களையும் அவர் மணிக்கட்டைச் சுற்றி ஒவ்வொன்றாக மடக்கி வைத்துவிட்டு, வாசலுக்குப் போய் வர்ணம் உதிர்ந்த காலணியில் காலை நுழைத்தாள்.