சிகரெட்டுக்கு மட்டும் சத்தியம்

தம்பியின் யூனிபார்மை ஊறவைக்கும்போது அம்மாவுக்குச் சிகரெட் வாடை தட்டுப்பட்டது. உடனே அப்பா அவனுடைய பைக் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை குலதெய்வக் கோயிலுக்கு அழைத்துப்போய்க் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யவைத்தார். எங்கள் ஊர் வடமதுரைக்குத் திரும்பியதும் சாவியை அவனிடமே கொடுத்துவிட்டார். தம்பி படிப்பது பிளஸ் ஒன். லைசென்ஸ் எடுக்கும் வயதில்லை.

நான் நூல் மில்லில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். நூலில் ஒரு குறை தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டுப் போக மாட்டோம். எந்த மெஷின், எந்தப் பஞ்சு என்று பின்னோக்கிப் போவோம். தம்பி விஷயத்திலும் மனம் தானாக வரிசை போட்டது. டியூஷனுக்கு மட்டம். நாலுவழிச் சாலையில் மூன்று பேராக எதிர்த்திசையில் ஓட்டியது. முழங்கையில் ஆறாத சிராய்ப்பு. அரைகுறை நீச்சலோடு தோட்டத்துக் கிணற்றில் மேலிருந்து குதித்தது. எல்லாம் சிகரெட் தொடங்கிய பிறகுதான், அதைப் பழக்கிவிட்ட கூட்டாளிகளோடுதான்.

"அப்பா, இதுக்கெல்லாமும் சேத்தா சத்தியம் வாங்குனீங்க?" என்றேன்.

"ஒண்ணொண்ணுக்கும் ஒரு கற்பூரமாடி கொளுத்த முடியும்?" என்றாள் அம்மா.

"சிகரெட்ட விட்டுட்டான்ல. வண்டி ஓட்டுறது ஒரு குத்தமா?" என்றார் அப்பா.

"நீ மில்லுல நூலப் பாருக்கா. என்னையப் பாக்காத," என்றான் தம்பி.

ஷிப்ட் முழுக்க நின்றுவிட்டு வந்திருந்தேன், வாதாடத் தெம்பில்லை. அவன் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய், "நெசமாவே விட்டுட்டியாடா?" என்றேன்.

துடைத்த துணியை உதறினான். "விட்டுட்டேன். அதுக்கே பயலுக பயந்தாங்கொள்ளிங்கிறாங்கெ. இதுல வண்டியவும் மெதுவா ஓட்டுனா அம்புட்டுத்தான்."

அப்படியென்றால் சிகரெட்டை விட்டதற்கும் சேர்த்து இனி பைக்கில்தான் வீரம் காட்டுவான். இதை உள்ளே போய் விளக்கினால் அப்பா இன்னொரு வெள்ளிக்கிழமை பார்ப்பார். வண்டியிலிருந்த சாவியை உருவிக்கொண்டேன்.

"டியூஷனுக்கு நான் கொண்டுபோய் விடுறேன். ஏறு."

"ஏக்கா, மானத்த வாங்காத!"

பைக் என் உயரத்துக்கு அதிகக் கனம். அவன் புத்தகப் பையை எங்கள் இருவருக்கும் நடுவில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தான். டீக்கடை திருப்பம் வந்ததும், "இங்கயே எறக்கிவிடு, பயலுக நிக்கிறாங்கெ," என்று தோளைத் தட்டினான். நான் நிறுத்தவில்லை. டியூஷன் வாசலில் இறங்கியவன் என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனான்.

நாளையிலிருந்து டியூஷன் நேரத்துக்குத் தோதாக ஷிப்டை மாற்றிக் கேட்க வேண்டும்.