அப்பா பேசிய பெண் குரல்

தலவாக்கலை பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் போனில் பழைய ரேடியோ நாடகம் ஒன்றைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். "காய்ச்சக்காரப் புள்ளைய விட்டுட்டு ஓடியாறேங்கய்யா, இன்னைக்கு ஒரு நா பேர் போடுங்க." பெண் குரலில் பேசுவது என் அப்பா.

அப்பா ரேடியோவுக்குச் சிரிப்பு நாடகம் எழுதுவார். தேயிலைத் தோட்டத்துத் துரை, கணக்கப்பிள்ளை, கொழுந்து பறிக்கும் பெண் என்று எல்லா வேஷத்துக்கும் அவரே குரல் கொடுப்பார். பெரிய கலைஞர் என்பார்கள்.

அந்தக் காய்ச்சல்காரப் பிள்ளை நான். வேலைக்குப் பேர் பதியும் காலைப் பெரட்டுக்குப் பிந்திப்போன அம்மாவைக் கணக்கப்பிள்ளை வேலை தராமல் விரட்டிவிட்டார். வீட்டில் அம்மா அழுதுகொண்டு சொன்னதை அப்பா விக்கல் உட்பட எழுதிக்கொண்டார்.

நாடகம் ஒலிபரப்பான அன்று வரிசை வீடுகளில் இருந்த லயத்துச் சனம் முழுக்க எங்கள் ரேடியோவின் முன் உட்கார்ந்து சிரித்தது. நானும் சிரித்தேன்.

"அது நாந்தானேங்க?" என்று அம்மா கேட்டாள்.

"சும்மா இரு புள்ள, சனம் ரசிக்குது" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அம்மா எந்தக் கஷ்டத்தையும் வீட்டில் சொன்னதில்லை, கடைசியில் நெஞ்சுவலியைக்கூட.

அம்மாவின் குரலை யாரும் பதிந்து வைக்கவில்லை. மிச்சமிருப்பது அப்பாவின் இந்தக் கேலி மட்டும்தான்.

"அந்த எடத்த இன்னொரு தரம் போடுங்கண்ணே" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போட்டார்.