சூரியநெல்லிக்குப் போன குலைநோய்க் கதிர்

எங்கள் நல்லேப்பிள்ளியிலிருந்து சூரியநெல்லி மலைக்கு யாரும் ஆசைப்பட்டுப் போவதில்லை. நானும் ஆசைப்பட்டுப் போகவில்லை, கோபப்பட்டுப் போனேன். புரட்டாசி நான்காம் நாள் கிளம்பும்போது இருந்த கோபத்தில் பாதிக்கு மேல் இதை எழுதும்போதும் மிச்சமிருக்கிறது. டில்லி சர்க்கார் பணத்தில் நடக்கும் அந்தப் பயிர் ஆராய்ச்சி நிலையத்துக்கு நேரில் போக நினைப்பவர்கள் இருந்தால் அவர்களுக்காக வழி, நேரம், வாடகை எல்லாம் சொல்கிறேன். நடுநடுவே திட்டும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரணம் இதுதான். முதல் போகத்தில் என் வயலில் குலைநோய் விழுந்தது. முதலில் இலையில் கண் வடிவத்தில் சாம்பல் புள்ளி. பிறகு கதிரின் கழுத்து கருகி ஒடிந்து தொங்கியது. உருவிப் பார்த்தால் கையில் பதர். வரப்பை ஒட்டிய பழனிச்சாமியின் வயலிலும் அதே கதை. தாலுக்கா விவசாய ஆபீசில், பயிரை ஆராய்ச்சி நிலையத்துக்குத் தபாலில் அனுப்புங்கள், நோய் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் நல்ல விதை தருகிறோம் என்றார்கள். இரண்டு பேரும் அனுப்பினோம். ஒரு மாதம் கழித்து ஒரே வாசகத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன: "அனுப்பிய பயிரில் நோய் எதுவும் காணப்படவில்லை."

எப்படி இருக்கும் எனக்கு? களத்தில் பதர் குவிந்து கிடக்கிறது, கடிதம் நோயில்லை என்கிறது. வீட்டில் இருப்பதோ அதே நோய் வயலின் விதை. இரண்டாம் போகத்துக்கு நாற்று விட அதிகம் போனால் பத்து நாள் பொறுக்கலாம். அதற்குள் அந்தக் கடிதத்தை மாற்றி வாங்காவிட்டால் இன்னொரு போகமும் பதர்தான். பழனிச்சாமியையும் பொறுக்கச் சொன்னேன்.

"ஏனுங்க, சர்க்காரே நோயில்லைன்னு எழுதிப்போட்டுதுங்க. பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தவிகளுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுதுங்க? நீங்க போயிட்டு வாங்க. நா நாளைக்கே நாத்து உடறேனுங்க" என்றார்.

அவர்மேலும் எனக்குக் கோபம் வந்தது. வயலைப் பார்த்த கண்ணை நம்பாமல் காகிதத்தை நம்புகிறாரே என்று.

காலை ஐந்து மணிக்கு மாட்டு வண்டி. கொல்லங்கோடு ஸ்டேஷன் ஒன்பது மைல், மூன்றரை மணி நேரம், வாடகை பன்னிரண்டணா. ஒடிந்த கதிர்களை வேரோடு பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டேன். ரயில் ஒன்பதே முக்காலுக்கு வந்தது. பொள்ளாச்சி வழியாக உடுமலைப்பேட்டை நாற்பது மைல், மூன்றாம் வகுப்பு பத்தணா. கட்டுச்சோறு கொண்டுபோங்கள், உடுமலையில் எனக்குக் கிடைத்த சாப்பாட்டைப் பற்றி எழுதி இன்னொரு சண்டையை இழுத்துக்கொள்ள விரும்பவில்லை.

உடுமலையிலிருந்து மூணாறு ஐம்பத்து மூன்று மைல். டீப்பெட்டி இறக்கிவிட்டுத் திரும்பும் லாரியில் முன்பக்கம் உட்கார இரண்டு ரூபாய். சின்னாறு சுங்கச் சவுக்கையில் என் சாக்கைப் பிரித்த சேவகர் முகர்ந்து பார்த்துவிட்டு, வைக்கோலா நெல்லா என்று கேட்டார். நோய் என்றேன். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, போ போ என்று சங்கிலியை இறக்கிவிட்டார். அந்தச் சேவகருக்கு ஒரு நொடியில் தெரிந்தது நிலையத்துக்குத் தெரியவில்லையே என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டு வந்தேன்.

லாரி ஓட்டுகிறவர் போடிநாயக்கனூர்ப் பக்கத்துக்காரர். "நெல்லுக்கு வந்த நோய்க்கு மலைக்கு ஏன்யா போறீக? மேல நெல்லே கெடையாதே" என்றார்.

"அங்கதானுங்க ஆராய்ச்சி நிலையம் இருக்குது."

"அது சரி, தொரைமாருக்குக் குளுரு வேணும்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த வளைவில் திரும்பினார். இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது. நெல் வயலுக்கு இரண்டு நாள் தூரத்தில், நெல் முளைக்காத குளிரில் உட்கார்ந்துகொண்டு நெல்லுக்கு வைத்தியம்! தலைவலி ஓரிடம், பற்று ஓரிடம்.

இரவு மறையூரில் லாரிக்காரர்கள் தங்கும் கொட்டகையில் படுத்தேன், காலணா. மறுநாள் காலை பத்துக்கு மூணாறு. அங்கிருந்து சூரியநெல்லி எஸ்டேட் லாரியில் பதினைந்து மைல், எட்டணா. கடைசி இரண்டு மைல் நடை. மழை, அட்டை. வேட்டியை மடித்துக் கட்டி, காலில் சுண்ணாம்பும் புகையிலையும் தடவிக்கொள்ளுங்கள். நான் தடவவில்லை, அதனால் நிலையத்துக்குள் ரத்தக் காலோடுதான் நுழைந்தேன்.

மணி இரண்டரை. ஓட்டுக் கட்டடம், பளபளவென்று கண்ணாடி ஜன்னல்கள். மேஜையில் இருந்த உதவியாளர் பெயர் சுடலைமுத்து, திருநெல்வேலிக்காரர். சாக்கை அவர் முன்னால் விரித்து, மூச்சுவிடாமல் கத்தினேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"அண்ணாச்சி, இது குலைநோய்தான், எனக்கே தெரியுது. ஆனா கையில கொண்டாந்தத வாங்க விதி கெடையாது. தபால்ல வந்தாத்தான் பதிவு. நான் பெரியவர்ட்ட கேட்டுட்டு வாரேன்."

உள்ளே போனவர் அதே பதிலோடு வந்தார். பெரிய அதிகாரி தலையைக்கூட நிமிர்த்தவில்லையாம்.

"அப்புறம் எதுக்குங்க போன தடவை தபால்ல வந்ததுல நோயில்லைன்னு எழுதினீங்க?" என்று மேஜையைத் தட்டினேன்.

சுடலைமுத்து கோபப்படவில்லை. அலமாரியைத் திறந்து, நான் தபாலில் அனுப்பிய, என் பெயர் எழுதிய கதிர்க் கட்டை எடுத்து வைத்தார். "நீங்களே பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். வேர் கழுவியிருந்தது. வாழை நாரால் அழகாகக் கட்டியிருந்தது. புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி எடுத்திருந்தது. கதிர் ஒவ்வொன்றும் மணி நிறைந்து, கோயிலுக்கு முதல் கதிர் கொடுக்கிற மாதிரி. கட்டினவன் நான்தான். வாய்க்கால் முனையில் நோய் எட்டாத ஒரு மூலை இருந்தது, அதில் தேடித்தேடிப் பிடுங்கினேன். வீட்டுப் பேரும் என் பேரும் எழுதி சர்க்காருக்குப் போகிற கட்டில் சொத்தைக் கதிரை வைக்க அன்றைக்கு மனது வரவில்லை. வெளியே எது போனாலும் நல்லது போகவேண்டும் என்பதுதான் எங்கள் பழக்கம். நோயைக் காட்ட அனுப்புகிறோம் என்பதே கட்டும்போது மறந்துபோய்விட்டது. நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பக்கத்தில் பழனிச்சாமியின் கட்டு இருந்தது. அதே வாழை நார், அதே முடிச்சு. அவருக்கு எழுத வராது என்பதால் விலாசம் எழுதப் போனவன் நான். அன்றைக்கு அவர் கருகின கதிரோடு நின்றுகொண்டிருந்தார். "இதையா அனுப்பறது? நல்லதாப் பாத்துக் கட்டுங்க" என்று சொல்லி, நானே மாற்றிக் கட்டியும் கொடுத்தேன்.

இரண்டு கட்டுகளையும் நானே திரும்ப எடுத்து வைத்தேன். பிறகு அலமாரியைப் பார்த்தேன். கொல்லங்கோடு, சித்தூர்ப் பக்கத்துக் கட்டுகள் தட்டுத் தட்டாக இருந்தன. எல்லாமே நல்ல கதிர். சுவரில் ஒரு வரைபடம். நோய் கண்ட ஊர்களில் சிவப்பு ஊசி குத்தியிருந்தார்கள். எங்கள் பக்கம் ஓர் ஊசி இல்லை. அப்போது பழைய கோபம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது.

"நோயின்னு கடுதாசி எழுதி, கூடவே நல்ல கதிரை ஊரே அனுப்புது. ஏன்டா இப்படின்னு ஒருத்தருக்குமே கேக்கத் தோணலீங்களா? ஒரு ஆளு கீழ எறங்கி வந்து வயலைப் பாத்திருந்தா?"

சுடலைமுத்து தரையைப் பார்த்தார். "எனக்குத் தோணிச்சு அண்ணாச்சி. பெரியவர்ட்ட சொன்னேன். வந்ததப் பாக்கத்தான் நமக்குச் சம்பளம்னுட்டாவ."

இனி வழி ஒன்றுதான். அரை மைல் கீழே எஸ்டேட் தபால் ஆபீஸ் இருந்தது. அங்கே நின்றால் நிலையத்தின் ஓடு தெரியும். அந்த ஓட்டுக்கு விலாசம் எழுதி, நூறு மைலுக்கு மேல் மடியில் சுமந்து வந்த கதிரை அங்கே தபாலில் போட்டேன். கட்டு மாலைத் தபால் பையில் மூணாறு போய், முத்திரை குத்திக்கொண்டு, நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்துக்கொண்டு, மூன்றாம் நாள் அதே பாதையில் திரும்பி ஏறி வந்தது. அதுவரை சுடலைமுத்து வீட்டில் தங்கினேன். நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. பெரிய அதிகாரி கதிரைக் கண்ணாடியில் வைத்துப் பத்து நிமிஷம் பார்த்தார். குலைநோய், விதைக்கு ஆகாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வரைபடத்தில் எங்கள் ஊருக்கு ஒரு சிவப்பு ஊசி ஏறியது. அதைச் சுடலைமுத்து என் கையால் குத்தச் சொன்னார்.

ஏழாம் நாள் ஊர் வந்து சேர்ந்தேன். பழனிச்சாமியின் நாற்றங்கால் விரற்கடை உயரத்துக்குப் பச்சென்று நின்றது. கட்டு விஷயத்தை மறைக்காமல் அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்றைத் தடவிக்கொண்டே நின்றார். காகிதம் என் பெயரில் இருந்ததால் தாலுக்காவில் என் வயலுக்கு மட்டும் விதை அளந்தார்கள். பாதியை அவருக்குக் கொடுத்தேன். விதை அவ்வளவுதான் என்பதால் இரண்டு பேர் நிலத்திலும் பாதி தரிசு. விட்ட நாற்றை உழுதுவிட மட்டும் அவருக்கு மனது வரவில்லை. புள்ளி விழாமலே போய்விடாதா என்று தினமும் காலையில் போய்க் குனிந்து பார்த்தார்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவே. போக இரண்டு நாள், வர இரண்டு நாள், போகவர ஒன்பது ரூபாய் போதும். சனிக்கிழமை போய்ச் சேராதீர்கள். சுண்ணாம்பும் புகையிலையும் மறக்காதீர்கள். போகாமல் தபாலில் அனுப்புகிறவர்கள் வயலிலேயே ஆகக் கெட்டுப்போனதைப் பிடுங்கி, கழுவாமல், கிள்ளாமல், மண்ணோடு அனுப்புங்கள். அதில் கௌரவம் பார்க்காதீர்கள். அவர்கள் இறங்கி வந்து பார்க்கப் போவதில்லை.

பன்னிரண்டாம் நாள் பழனிச்சாமி என் வீட்டு வாசலுக்கு வந்தார். கை நிறைய நாற்று, இலையெல்லாம் கண் கண்ணாகச் சாம்பல் புள்ளி. விலாசம் எழுதித் தரச் சொல்லி என் முன்னால் வைத்தார்.

"இது போதுமுங்களா, இல்ல இன்னும் கேடு கெட்டதா பாத்துப் புடுங்கட்டுங்களா?"