காப்பி ஆகாது

முதல் வேலையாக வேதநாயகி அந்தச் சின்னச் சதுரக் கூட்டைக் காதருகே கொண்டுபோய் மெல்லக் குலுக்கிப் பார்ப்பாள். உள்ளே லேசாக ஆடுகிற சத்தம் கேட்டால் தலையாட்டுவாள். கேட்காவிட்டால் தட்டு எங்கோ சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். பிறகு விளிம்பில் இருக்கும் குட்டித் தாழ்ப்பாளை நகத்தால் தள்ளிவிடுவாள். அதைத் தள்ளிவிட்டால் அதற்கப்புறம் கைதவறிக்கூட யாரும் அதில் இருப்பதை அழிக்க முடியாது. "மொதல்ல பூட்டு, அப்புறம் தெற" என்பாள் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம். வந்தவர் அனேகமாகத் திருதிருவென்று விழிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை டிபன் முடிந்து, பெங்களூர் ஓரத்து ஹெப்பகோடி வீட்டின் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, மேலே ஒரு டர்க்கி டவலை விரித்தால் அதுதான் அவள் கடை. போர்டு கிடையாது. மினிடிஸ்க் என்று ஒன்று இருந்ததையே ஊர் மறந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் கூடு, அதற்குள் பளபளவென்று ஒரு சின்னத் தட்டு. கேசட்டுக்குப் பின்னால் வந்து, பென்டிரைவுக்கு முன்னால் போய்விட்டது. அந்த இடைக்காலத்தில் எதையாவது அதில் பதிந்து வைத்துவிட்டு, இன்றைக்கு அதைக் கேட்க வழியில்லாமல் நிற்பவர்கள் ஒருவர் சொல்லி ஒருவராக அவளைத் தேடி வருகிறார்கள்.

டவலின் மேல் ரெக்கார்டர் இருக்கும். பக்கத்தில் இரண்டு லேப்டாப். ஒன்று புதுசு. மற்றது இன்டர்நெட் காற்றே படாமல் வளர்க்கப்படும் கிழடு. அதற்குள் அந்தக் காலத்து மென்பொருள் ஒன்று இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. புருஷன் அஷ்வின் ஒரு தடவை தூசு தட்டுகிற சாக்கில் அதில் வைஃபையைப் போட்டுவிட்டான். கோபம் தீரும்வரை, ஒரு வாரம், வீட்டுத் தமிழை விட்டு அவனோடு அவள் கன்னடத்தில் மட்டும்தான் பேசினாள்.

நாற்பத்தைந்தை நெருங்குகிறாள். கழுத்தில் எப்போதும் ஹெட்போன். ஆனால் பாட்டு ரசிகை என்று சொல்ல முடியாது. ராகம் தாளம் எதுவும் தெரியாது, ஒரு பாட்டை உருப்படியாக முணுமுணுக்கவும் வராது. பிரதி எடுத்ததை முதலிலிருந்து கடைசிவரை ஒரு நொடி விடாமல் கேட்பாள். எங்கே சத்தம் தடுக்குகிறது, எங்கே விட்டுப்போகிறது என்று பார்ப்பதற்காக. பஜனையோ பிரசங்கமோ புருஷன் பெண்டாட்டி சண்டையோ, எல்லாவற்றுக்கும் ஒரே முகம்தான். கம்ப்யூட்டரில் "ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு பட்டன் வந்தால் உலகத்தில் எல்லோரும் அமுக்கிவிட்டுப் போவார்கள். அவள் மேலே இருக்கும் பத்தி அத்தனையையும் வாய்விட்டுப் படிப்பாள். சிலர் கொண்டுவரும் டிஸ்கில் இருக்கும் பாட்டு, எப்போதோ பழுதாகிப்போன ஏதோ ஒரு கம்ப்யூட்டரின் அனுமதியோடு கட்டப்பட்டிருக்கும். அதைக் கண்டுவிட்டால் சுற்றி வளைக்கமாட்டாள். "சாவி செத்துப்போச்சு சார். ஆகாது. காபி சாப்ட்டுட்டுப் போங்க."

வாரநாட்களில் அவள் வேலை இதற்கு நேரெதிர். எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனி; போனில் படம் பார்க்கிறவர்கள் அதைப் பிரதி எடுத்துவிடாமல் தடுக்கும் பூட்டுகளைச் செய்கிறது. செய்த பூட்டை உடைத்துப் பார்ப்பது வேதநாயகியின் உத்தியோகம். "திருடன் மாதிரி யோசிக்கறதுக்கு மாசாமாசம் சம்பளம்" என்று குடியாத்தத்தில் இருக்கும் தம்பியிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த உத்தியோகத்துக்கு அவளைத் தள்ளியதும் ஒரு மினிடிஸ்க்தான். குடியாத்தத்திலிருந்து வந்த புதிதில் அவளுக்குக் கன்னடம் ஒரு சொல் தெரியாது. வீட்டு ஓனரம்மா சமையல்கட்டில் நின்றபடியே சொல்லிக்கொடுப்பார். அதையெல்லாம் பதிந்துகொள்வதற்காக முதல் போனஸில் ரெக்கார்டர் வாங்கினாள். பதிந்ததை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கேட்கலாம் என்று வயரைச் செருகினால், மென்பொருள் மறுத்துவிட்டது. கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டை டிஸ்குக்கு அனுப்பலாம். அப்படி அனுப்பியதைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். நாமாக மைக் வைத்துப் பதிந்ததைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவர மட்டும் வழி வைக்கவில்லை. பாட்டுத் திருட்டுக்குப் பயந்து போட்ட பூட்டு, ஓனரம்மாவின் கன்னடப் பாடத்தையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. "மெஷினு என்து, கம்ப்யூட்டரும் என் டேபிள்ள இருக்கு, பேசினது ஓனரம்மா. நடுவுல இவன் யாரு?" இப்போதும் அதைச் சொல்லும்போது அவளுக்கு மூக்கு விடைக்கும். வருஷங்கள் போய்க் கடைசியாக வந்த ஒரு மாடலில் அந்த வழியைத் திறந்துவிட்டார்கள். அதற்குள் வாங்க ஆளில்லை. அந்த மாடலைத்தான் ஜப்பானிலிருந்து பழசாக வரவழைத்து வைத்திருக்கிறாள்.

போன கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் டென்சில் வந்தார். அடுகோடியில் கிடார் சொல்லித்தருகிறவர், கோலார் தங்கவயல்காரர். சட்டைப் பையிலிருந்து கர்ச்சீப்பில் சுற்றிய ஒரே ஒரு டிஸ்கை எடுத்து வைத்தார். சுரங்கம் மூடியபிறகு அங்கிருந்து தினமும் விடியலில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்தவர்களைப் பற்றி, கூட்டாளியோடு சேர்ந்து கட்டிய பாட்டாம். அவருடைய ரெக்கார்டர் எப்போதோ படுத்துவிட்டது.

வேதநாயகி குலுக்கினாள், தாழ்ப்பாளைத் தள்ளினாள், பிரதி எடுத்தாள், முழுவதையும் கேட்டாள்.

"ரெண்டு கீது சார். ஒரே பாட்டு, ரெண்டு வாட்டி பாடியிருக்கீங்க."

"ரெண்டாவது வேணாம் மேடம். மொதல்து மட்டும் போதும். யூடியூப்ல போடணும்."

"பாடறது உங்க கொரல் இல்லியே?"

"பீட்டர். ஒரே சுரங்கத்து லைன் வீட்ல வளந்தோம். எழுதினது அவன், ட்யூன் என்து. இப்ப பேச்சுவார்த்த இல்ல."

"போடப்போறோம்னு அவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

டென்சில் கர்ச்சீப்பை மடித்துப் பைக்குள் வைத்தார். கோபப்பட்டவராகத் தெரியவில்லை. நிதானமாகத்தான் சொன்னார்: "இத்தினி வருசமா அந்த மெஷின் குடுக்கமாட்டேன்னுச்சு. இப்ப நீங்க கேள்வி கேக்கறீங்க. டிஸ்க் என்து மேடம். உங்களுக்கும் அந்த மெஷினுக்கும் இன்னா வித்தியாசம்?"

வேதநாயகி இரண்டு பாட்டையும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்து அனுப்பினாள். போட்டுக் கேட்க மெஷின் இல்லாததால் டிஸ்கை அவர் அவளிடமே விட்டுப்போனார். ஆனால் அந்தக் கேள்வி முள் மாதிரி தைத்து நின்றுவிட்டது. ஆபீஸில் ஒரு கூட்டத்தில், பூட்டு எத்தனை பலம் என்று பெருமையாக ஸ்லைடு காட்டிக்கொண்டிருந்தபோது, அடுத்த ஸ்லைடுக்குப் போகாமல் நடுவில் நின்றாள். மேலதிகாரி ஜுரமா என்று கேட்டார். டென்சில் சொன்னது தப்பாக இருந்திருந்தால் மறந்திருப்பாள்.

பாட்டு யூடியூபில் ஏறியது. தங்கவயல்காரர்கள் வாட்ஸப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். டென்சில் பாட்டுக்குக் கீழே "நன்றி: வேதநாயகி, ஹெப்பகோடி" என்று அவள் போன் நம்பரோடு போட்டிருந்தார். பொங்கலுக்குப் பிறகு அவளுக்கு ஒரு போன் வந்தது.

"சிஸ்டர், என் பேரு பீட்டர். அந்தப் பாட்டுல பாடறது நான்தான். உங்கள நேர்ல பாக்கணும்."

பொம்மசந்திராவில் பம்பு செய்யும் தொழிற்சாலையொன்றில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமை காலை, நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சட்டையோடு நேராக வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கொடுத்த காபியைத் தொடவில்லை. சண்டை போட வந்தவர், போடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

"ரெண்டாவது சரணத்துல என் சுதி எறங்கிடும் சிஸ்டர். நல்லா கேட்டீங்கன்னா தெரியும்."

"தெரிஞ்சுது" என்றாள் வேதநாயகி. அவளுக்குச் சுருதி தெரியாது. அன்றைக்குப் பாட்டைக் கூடவே கேட்ட டென்சில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் முகம் சுளித்தது தெரிந்திருந்தது.

"அதனாலதான் அன்னிக்கு ரெண்டாவது வாட்டி பாடுனோம். அதுல நான் சரியா பாடிட்டேன். அவன் கைதான் ஒரு எடத்துல வழுக்கிருச்சு. அந்த வருசக் கிறிஸ்துமஸ் விழாவுல பாட்டு போடக் கேட்டாங்க. எதப் போட்டான்? அவன் கை சரியா இருந்ததப் போட்டான். நான் அந்த ஹால்ல எல்லார் நடுவுலயும் உக்காந்து என் சுதி எறங்கறதக் கேட்டேன்." பீட்டர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "அதுவும் பரவால்ல சிஸ்டர். வெளிய வந்து, ரெண்டாவதுல ஒரு காப்பி குடுடா, நான் வச்சுக்கறேன்னேன். 'காப்பி ஆகாதுடா, மெஷின் விடாது'ன்னான். மெஷினாம்! எங்கயாவது அப்பிடி ஒரு மெஷின் இருக்குமா? மூஞ்சிய நேரா பாத்து பொய் சொன்னான். அன்னியோட சரி."

வேதநாயகி ஹெட்போனைக் கழுத்திலிருந்து எடுத்து அவரிடம் நீட்டினாள். இரண்டாவது பாட்டை ஓடவிட்டாள். பீட்டர் கண்ணை மூடவில்லை. எதிர்ச்சுவரில் தொங்கும் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் மட்டும் வரிகளோடு சேர்ந்து அசைந்தன. இரண்டாவது சரணம் வந்தபோது கை தானாக மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அது தாண்டியதும் விட்டது. பாட்டு முடிந்தபின்னும் ஹெட்போனைக் கழற்றவில்லை.

"நல்லாத்தான் பாடியிருக்கேன்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

அப்போதுதான் அவள் சொன்னாள். "பீட்டர் சார், அவரு பொய் சொல்லல. அந்த மெஷின் விடாது."

அவர் நம்பவில்லை. வேதநாயகி கிழட்டு லேப்டாப்பைத் திறந்து, தன் முதல் ரெக்கார்டரை அலமாரியிலிருந்து எடுத்து, டிஸ்கை அதில் போட்டு வயரைச் செருகினாள். பழைய மென்பொருள் மெல்லக் கண் விழித்தது. டிஸ்கில் இருக்கும் இரண்டு பாட்டும் திரையில் தெரிந்தன. கம்ப்யூட்டருக்கு எடுக்கிற பட்டன் மட்டும் சாம்பல் பூத்து மங்கிக் கிடந்தது. "அமுக்குங்க" என்றாள். பீட்டர் அமுக்கினார். திரும்பத் திரும்ப அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை.

"அடப்பாவமே" என்றார். கோபத்துக்குப் போட்டிருந்த முட்டுக் கொம்பை யாரோ உருவிவிட்டதுபோல நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். காபியை எடுத்து ஆறிப்போனதை ஒரே மடக்கில் குடித்தார். ஸ்டோர்ஸில் வருகிற பொருளை எல்லாம் புரட்டிப் பார்த்துப் பழகியவர். ரெக்கார்டரைக் கையில் எடுத்துத் திருப்பினார். ஹெட்போன் துளையில் அவர் கட்டைவிரல் நின்றது.

"சிஸ்டர், இதுல ஒரு வயர சொருகி கேசட்டுல எடுக்க முடியாதா?"

'முடியாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு பேருக்கும் நல்லதாகப் போயிருக்கும். வேதநாயகி டவலின் சுருக்கத்தை நீவினாள்.

"எடுக்கலாம். கொஞ்சம் இரைச்சல் வரும். ஆனா எடுத்திருக்கலாம்."

பீட்டர் தலையை ஆட்டினார். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "எனக்கு அந்த ரெண்டாவது பாட்டு வேணும்" என்றார்.

வேதநாயகி டென்சிலுக்குப் போன் செய்தாள். "சார், பீட்டர் சார் இங்க இருக்காரு. ரெண்டாவது பாட்ட அவருக்குக் குடுக்கப்போறேன். உங்ககிட்ட பர்மிஷன் கேக்கல. உங்களுக்குத் தெரியாம குடுக்கக்கூடாதுன்னு சொல்றேன்."

மறுமுனையிலிருந்து "அவன் அங்கயா கீறான்?" என்று மட்டும் கேட்டது. போன் கட்டானது.

அடுகோடியிலிருந்து ஓசூர் ரோட்டு நெரிசலில் வண்டியை ஓட்டிக்கொண்டு டென்சில் வந்து சேர்ந்தபோது மதியமாகிவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசலில் நின்றார். பீட்டர் எழுந்திருக்கவில்லை. வேதநாயகி யாரையும் யாருக்கும் அறிமுகம் செய்யாமல் இரண்டாவது பாட்டை ஸ்பீக்கரில் போட்டாள். பல்லவி போனது. முதல் சரணம் போனது. நடுவில் கிடார் தனியாக வாசிக்கும் இடத்தில் டென்சிலின் விரல் ஒரு தந்தியை விட்டு இன்னொன்றில் போய் விழுந்தது.

"ஐயோ" என்றார் டென்சில், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

பீட்டரின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று வேதநாயகிக்குப் புரிந்தது.

பாட்டு முடிந்தது. டென்சில் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். போனை எடுத்து எதையோ தட்டினார். "மொதல்த யூடியூப்லேர்ந்து எடுத்துட்டேன்" என்று போனை டவலின் குறுக்கே தள்ளினார். "ரெண்டாவது இதுல கீது, நீயே போட்ருடா."

பீட்டர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். பெயர் கேட்ட இடத்தில் டென்சில் பெயரை முதலில் போட்டு, அதற்குப் பக்கத்தில் தன் பெயரைப் போட்டார். பாட்டு ஏறத் தொடங்கியது. கண்ணாடியைக் கழற்றாமலே நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு வயர் போட்டு கேசட்டுல எடுத்துக் குடுத்திருக்கலாமேடா?"

டென்சில் வாயைத் திறந்தார். திறந்த வாயோடு வேதநாயகியின் பக்கம் பார்த்தார்.

வேதநாயகி எழுந்தாள். சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மதியத்துக்கான தேங்காய்த் துவையலை அவள் எப்போதோ அரைத்து எடுத்துக் கிண்ணத்தில் வைத்திருந்தாள். கழுவிக் கவிழ்த்திருந்த ஜாரில் அந்தத் துவையலை மறுபடியும் வழித்துப் போட்டு, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளியே பேசுவது எதுவும் காதில் விழாதபடி மிக்ஸியைக் கடைசி வேகத்தில் திருப்பினாள்.