ஊசி தாவிய இடம்

மெல்லிசைக் குழுவில் புல்லாங்குழல் வாசிக்கிறவனுக்குச் சம்பளத்தைவிட ஏச்சுதான் அதிகம் கிடைக்கும். மேடையேறி வாங்கிக் கட்டிக்கொண்ட சகோதரர்களே, இது உங்களுக்குப் புதிதல்ல. எண்பதுகளில் பகலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டிவிட்டு, சாயங்காலம் ஆவடியில் வாசித்தவன் நான். மறைந்த ஒரு பாடகரின் பாட்டுகளை மட்டுமே பாடும் குழு எங்களுடையது. அவர் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ரசிகர்கள் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள்.

விசில் விழும் இடம்

அவர் பாடியதில் ஓடாத படத்துப் பாட்டு ஒன்று. ரேடியோவில் எப்போதாவதுதான் போடுவார்கள். ஆனால் ஆவடி பஜாரில் ஒரு கடைக்காரர் தன் இசைத்தட்டிலிருந்து கேசட்டில் பதிந்து கொடுத்துக் கொடுத்து, எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு அந்தப் பாட்டுதான். சரணத்துக்கு முன்னால் குழல் வரும். அதன் நடுவே திடீரென்று ஒரு தாவல். கேசட்டைத் தேயத்தேயக் கேட்டு அதைப் பிடித்தேன். குழலும் தபலாவும் சேர்ந்து தாவியதும் விசில் பறக்கும். மேடையில் எனக்கென்று இருந்தது அந்த ஓரிடம்தான்.

ஒருமுறை ஒரு ரசிகர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "அந்த எடத்துல ஒரு குதி குதிக்கிற பாரு நைனா, அதுக்கோசரமே ஐயப்பன்தாங்கல்லேந்து பஸ் ஏறி வந்துகினு கீறேன்."

விருந்தாளிகள்

பாடகரின் நினைவு நாளுக்கு ஃபேக்டரிக்காரர்கள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் பெரிய கச்சேரி ஏற்பாடானது. சினிமாவில் வாசிக்கும் இரண்டு பேரை எங்கள் குழு மேனேஜர் சிறப்பு விருந்தினராக அழைத்துவிட்டார். ஒருவர் வயலின். இன்னொருவர் அந்தப் பாட்டின் இசைத்தட்டிலேயே குழல் வாசித்தவர்.

எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் உழைத்தவனை ஓரங்கட்டுவீர்களா என்று கத்தினேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவரு வாசிக்கட்டும். நீ பக்கத்துல குந்திக்கினு டாம்பரின் தட்டு, எவனும் கண்டுக்க மாட்டான்."

ஒத்திகை

ஒத்திகையில் அந்த இடம் வந்ததும் தபலா மட்டும் தாவியது, குழல் விருந்தாளி தாவவில்லை. எல்லாரும் தடுமாறி நின்றோம். நான் எகிறினேன். ரெக்கார்டில் வாசித்தவருக்கு ரெக்கார்டே மறந்துவிட்டதா என்று கேட்டேன். நாங்கள் வாசிப்பதை ஒருமுறை கேட்டவர், கடுப்போடு விளக்கினார். அது தாவல் இல்லையாம். கடைக்காரரின் தட்டில் கீறல் விழுந்து, ஊசி தாண்டிக் குதித்தது அப்படியே கேசட்டில் பதிந்திருக்கிறது. விட்டுப்போனதை வாசித்துக் காட்டினார். அழகென்றால் அப்படியொரு அழகு. இத்தனை நாள் அது எனக்குக் கிடைக்காமல் போனதே என்று ஆத்திரம் பொங்கியது.

நேரே பஜாருக்குப் போய்ச் சண்டை போட்டேன். கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "ஊரே அதத்தான் கேட்டுகினு கீது. ஒருத்தனும் ஒண்ணியும் சொல்லல, உனுக்கு மட்டும் இன்னா?"

மேடை

கச்சேரியன்று விருந்தாளி முழுசாக வாசித்தார். சொந்தத்தில் இசைத்தட்டு வைத்திருந்த முன்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பின்னால் இருந்த கேசட் கூட்டம், பாட்டைக் கெடுத்துவிட்டான் என்று கூச்சல் போட்டது. இரண்டு தரப்பும் நாற்காலியைத் தூக்காத குறை. விருந்தாளி குழலைப் பைக்குள் வைத்தார். மேடைக்குத் துண்டுச் சீட்டுகள் வந்து குவிந்தன. எல்லாவற்றிலும் ஒன்றே: அதே பாட்டைப் பழைய ஆள் வாசிக்கட்டும்.

மேனேஜர் டாம்பரினைப் பிடுங்கிக்கொண்டு என்னை மைக் முன்னால் தள்ளினார். என் இடம் எனக்குத் திரும்பி வந்துவிட்டது. தாவினால் போதும், விசில் பறக்கும். ஆனால் சொந்த வாசிப்புக்கே திட்டு வாங்கிய மனிதர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரே. அந்தக் கூட்டத்தின் மேல் வந்த கோபத்தில், அவர் வாசித்தது போலவே முழுசாக வாசித்தேன். ஒரு விசில் இல்லை. சோடா மூடிதான் வந்து விழுந்தது. இறங்கும்போது அதே ஐயப்பன்தாங்கல் ரசிகர் வழிமறித்தார். கண் கலங்கியிருந்தது. "அந்தாளு வெளியாளு, தெரியாம வாசிச்சிட்டான். நீ நம்மாளு, உனுக்கு இன்னா கேடு வந்துச்சி?"

அதன்பின் குழு கலையும்வரை கீறலோடுதான் வாசித்தேன். விசிலும் குறையவில்லை, என் வயிற்றெரிச்சலும் குறையவில்லை.