திருவனந்தபுரத்தில் இறங்கிக் கொச்சியில் கப்பல் ஏறியது: அக்கா காரில், நான் ரயிலில்

கொச்சியிலிருந்து கோவா வழியாக மும்பை போகும் கப்பலில் நான்கு இரவுகள். அக்காவின் ஓய்வுப் பணத்தில் அவள் தனக்கே வாங்கிக்கொண்ட பரிசு இது. நாங்கள் ஈப்போக்காரர்கள். மலேசியாவிலிருந்து கொச்சிக்கு நேர் விமானம் உண்டு. ஆனால் எங்கள் தேதிக்கு அதில் இடம் இல்லை, இருந்த ஒன்றிரண்டும் இரட்டை விலை. திருவனந்தபுரத்துக்குப் பாதி விலையில் கிடைத்தது. நடுவில் 210 கிலோமீட்டர்தானே, ஒரு கார் வைத்துக்கொண்டால் போயிற்று என்று நினைத்தேன். இதே கணக்குப் போடுகிறவர்கள் இப்போது நிறைய பேர் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அக்காவைப் பற்றி. பெயர் வசந்தா, வயது அறுபத்து மூன்று, தமிழ்ப்பள்ளியில் முப்பது வருடம் கணக்கு வாத்தியார். மூன்று வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் போயின. பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலிதான் அவளுக்கு எல்லாம். மடக்கலாம், ஆனால் மடக்கினாலும் 28 கிலோ. நான் ஐந்து வயது இளையவள், மல்லிகா. ஒரே வீட்டில் இருக்கிறோம். அக்கா எங்கே போனாலும் கூடவே நானும் போவேன். அவளை ஒருநாளும் எங்கும் தனியாக அனுப்பியதில்லை.

திருவனந்தபுரத்தில் ஒரு பயண முகவரிடம் மின்னஞ்சலில் பேசி, விமான நிலையத்திலிருந்து விடுதிக்கும், மறுநாள் விடுதியிலிருந்து கொச்சித் துறைமுகத்துக்கும் வண்டி ஏற்பாடு செய்தேன். இரண்டுக்கும் சேர்த்து 7,600 ரூபாய், சுங்கம் உட்பட. சக்கர நாற்காலி உண்டு, பெரிய வண்டி வேண்டும் என்று மூன்று முறை எழுதினேன். முதல் நாள் மாலை வந்தது ஏழு பேர் உட்காரும் வண்டி. நாற்காலி அலுங்காமல் உள்ளே போனது. பழவங்காடி விநாயகர் கோயிலுக்குப் பின்னால் எங்கள் விடுதி, ஐந்து கிலோமீட்டர், இருபது நிமிடம். அதனால் மறுநாளைப் பற்றி எனக்குச் சந்தேகமே வரவில்லை. தப்பு அங்கேதான்.

மறுநாள் காலை 6.30க்கு விடுதி வாசலில் வந்து நின்றது ஒரு சின்ன கார். ஓட்டுநர் டிக்கியைத் திறந்தார். பாதிக்கு மேல் வண்டி ஓடுவதற்கான கேஸ் சிலிண்டர். மிச்ச இடத்தில் ஒரு பெட்டி வைக்கலாம், அவ்வளவுதான்.

ஓட்டுநர் பெயர் செல்வின். முப்பத்தைந்து வயது இருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கத்துக்காரர், திருவனந்தபுரம் கரமனையில் வாடகைக்குக் குடியிருக்கிறார். நாற்காலியைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "எங்கிட்ட ரெண்டு பேரு, ரெண்டு பெட்டின்னுதான் சொன்னாவ, சேச்சி" என்றார். அங்கேயே நின்று முகவருக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். அன்று ஆவணி முகூர்த்த ஞாயிறு, பெரிய வண்டியெல்லாம் கல்யாணத்துக்குப் போய்விட்டது என்றார் முகவர். கடைசியாக ஒரு யோசனை சொன்னார்: நாற்காலி விடுதியிலேயே இருக்கட்டும், துறைமுகத்தில் வேறு நாற்காலி தருவார்கள், இதை நாளைக்குப் பார்சலில் அனுப்பிவிடுகிறேன்.

அக்கா போனைப் பார்த்துச் சொன்னாள்: "என் காலைப் பார்சல்ல அனுப்புவீங்களா? கப்பல் இன்னிக்கே போயிடும் சார்."

செல்வின் போனை வைத்துவிட்டார். தனக்குத் தெரிந்த மூன்று பேரைக் கூப்பிட்டுப் பார்த்தார். மூன்று பேரும் கல்யாண ஓட்டத்தில். கைபேசிச் செயலிகளில் நான் தேடியதும் வீண். மணி 6.50. கப்பலில் பதிவு மூடும் நேரம் மதியம் 2.30. நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் வேலை நடப்பதால் ஆறு மணி நேரமாவது ஆகும் என்றார் செல்வின். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது அவர் செய்த ஒரு காரியத்தை நான் மறக்க மாட்டேன். எல்லாரும் என்னிடம்தான் பேசுவார்கள், அக்காவின் தலைக்கு மேலே. இவர் நாற்காலிக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். "அக்கா, பின்சீட்டுல நாற்காலியைப் படுக்க வைக்கலாமா? எப்படி வைக்கணும்னு நீங்க சொல்லுங்க, அப்படியே செய்யுதேன்" என்று அவளிடமே கேட்டார்.

"வைக்கலாம். பேட்டரியைக் கழட்டிடணும். கைப்பிடி மேல் பக்கம் இருக்கணும்."

"அப்ப பின்னால வேற ஆளு இருக்க முடியாதுக்கா."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, எங்கள் ஊர் 'லா' போட்டுச் சொன்னாள்: "நான் முன்சீட்டுல போறேன். நீ ரயில்ல வா லா."

முடியாது என்றேன். வழியில் கழிவறைக்குப் போக வேண்டுமென்றால்? மாத்திரை? வண்டி பழுதானால்? முன்பின் தெரியாத ஊர், தெரியாத மனிதர். இதையெல்லாம் செல்வின் காது படவே சொன்னேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முடிச்சிட்டியா? மணி ஏழு" என்றாள்.

பிறகு நடந்ததெல்லாம் வேகம். செல்வின் எதிரே சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்த கடைக்கு ஓடி, "அண்ணாச்சி, நாலு சாக்கு குடுங்க" என்று வாங்கி வந்தார். அக்கா தன் சறுக்குப் பலகையை நாற்காலிக்கும் முன்சீட்டுக்கும் நடுவே போட்டு, கையை ஊன்றித் தானே நகர்ந்துகொண்டாள். பிறகு அவர் சாக்குகளைப் பின்சீட்டில் மெத்தை மாதிரி விரித்து நாற்காலியைப் படுக்க வைத்தார். ஒரு பெட்டி டிக்கியில், இன்னொன்று நாற்காலிக்கு அணைவாக. 7.10க்குக் கார் கிளம்பியது. அவள் கையசைக்கக்கூட இல்லை. ஏதோ பேச ஆரம்பித்திருந்தாள்.

நான் ஆட்டோ பிடித்து ரயில் நிலையம் போனேன். ஒரு கிலோமீட்டர், நாற்பது ரூபாய். ஆலப்புழை வழியாகப் போகும் 7.40 வண்டிக்கு முன்பதிவில்லாத டிக்கெட் தொண்ணூறு ரூபாய்ச் சொச்சம். எர்ணாகுளம் சேரும் நேரம் 12.05. உட்கார இடமும் கிடைத்தது. கொல்லம் தாண்டியதும் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் கைப்பையைத் திறந்தேன். உள்ளே இரண்டு பாஸ்போர்ட்டுகளும் இருந்தன. அக்காவுடையதும். எப்போதும் நான்தான் வைத்திருப்பேன், அதனால் கொடுக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

போன் செய்து சொன்னேன். அக்கா, "சரி, கத்தாதே. பன்னிரண்டு மணிக்கு வந்துடுவேல்ல? போதும்" என்றாள்.

ஆனால் பன்னிரண்டு மணிக்கு நான் வரவில்லை. அம்பலப்புழைக்கு அப்பால், இருபுறமும் வயல்வெளியில், ரயில் நின்றுவிட்டது. விடாத மழை. முன்னால் எங்கோ மின்கம்பி மேல் மரக்கிளை விழுந்துவிட்டதாம். அந்தப் பகுதியில் ஒற்றைப் பாதை என்பதால் வேறு வழியில்லை. பத்து நிமிடம் என்றார்கள், அது அரை மணி ஆயிற்று, ஒரு மணியும் ஆயிற்று. நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து கதவருகே போய் எட்டிப் பார்த்தேன். எதிர் இருக்கைப் பெண் ஒருத்தி, கணக்குத் தணிக்கை வேலைக்காகக் கொச்சி போகிறவள், திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்துக்காரி, என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். "நீங்க எழுந்து போனா வண்டி நகராது மாமி, உக்காருங்கோ. பைய மடியில வெச்சுக்கோங்கோ. எர்ணாகுளத்துல ரெண்டு ஸ்டேஷன் உண்டு. நான் எறங்கற எடத்துலேயே எறங்குங்கோ" என்றாள். தன் டப்பாவைத் திறந்து இரண்டு இட்லி கொடுத்தாள். அழுதுகொண்டே சாப்பிட்டேன். பெயர் கேட்க மறந்துவிட்டேன், தாயே, எங்கிருந்தாலும் நன்றாக இரு.

எர்ணாகுளத்தில் இறங்கியபோது மணி 1.48. வெளியே ஆட்டோவுக்கு வரிசை நீண்டிருந்தது. அப்போதுதான், "மல்லிகாக்கா, இங்க!" என்று ஒரு குரல். செல்வின் நின்றுகொண்டிருந்தார், சட்டை முழுக்க நனைந்து.

அக்காவை 1.05க்கே துறைமுகத்தில் இறக்கி, நாற்காலியைப் பூட்டி, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அவருடைய வேலை அதோடு முடிந்தது. துறைமுகத்திலேயே ஒரு குடும்பம் திருவனந்தபுரத்துக்கு வண்டி கேட்டதாம், நல்ல தொகைக்கு. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு என்னைத் தேடி வந்துவிட்டார். இதை அவர் சொல்லவில்லை, பின்னால் அக்கா சொல்லித்தான் தெரியும்.

நிலையத்திலிருந்து துறைமுகம் ஏழு கிலோமீட்டர். பாலத்தில் நெரிசல். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பதற்றத்தைக் குறைக்கத்தானோ என்னவோ, அவர் பேசிக்கொண்டே ஓட்டினார்.

"அக்கா வழி முழுக்க ஒரே பேச்சு. சிரிச்சுச் சிரிச்சு ரெண்டு தடவை வண்டிய ஓரமா நிறுத்திட்டேன், கேட்டேளா. ஹரிப்பாட்டுல ஒரு ஹோட்டல்ல சரிவுப் பாதை வெச்ச கழிவறை உண்டு. போன் பண்ணி விசாரிச்சிட்டுதான் போனோம். ஒரு பிரச்சினையும் இல்ல."

வீட்டில் அக்கா அதிகம் பேச மாட்டாள், அமைதியான சுபாவம் என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். ஒருவேளை நான்தான் இடைவெளி விடாமல் பேசுகிறேனோ என்று அந்தப் பாலத்தில் வைத்து முதல்முறையாகத் தோன்றியது.

2.19க்கு வாசல். காவலுக்கு நின்ற பெண்ணுடன் அக்கா நேந்திரங்காய் வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். "ஏன் இப்படி வேர்த்திருக்கே? தண்ணி குடிச்சியா?" என்றாள். செல்வினுக்குக் கூடுதலாகக் கொடுத்தோம். வேண்டாம் என்று நாடகம் ஆடாமல் வாங்கிக்கொண்டு, "பத்திரமா போயிட்டு வாங்க" என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது.

பதிவு மேசையில் இருந்த அதிகாரி இரண்டு பாஸ்போர்ட்டையும் பார்த்துவிட்டு, வழக்கம்போல் என்னிடம், "இவரைப் பார்த்துக்கொள்ள வருகிறீர்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்: "இவ என் தங்கச்சி சார். முதல் தடவையா தனியா ரயில்ல வந்திருக்கா. அதான் கொஞ்சம் பதட்டம்." அவர் சிரித்துவிட்டார். நானும்தான்.

இதே வழியில் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முடிந்தால் முந்தைய நாளே கொச்சிக்குப் போய்த் தங்கிவிடுங்கள். கப்பல் ஏறும் நாளில் 210 கிலோமீட்டர் வேண்டாம். வண்டி பேசும்போது "பெரிய வண்டி" என்று எழுதினால் போதாது. வரப்போகும் வண்டியின் எண்ணையும் டிக்கியைத் திறந்து எடுத்த படத்தையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள், கேஸ் சிலிண்டர் உண்டா என்று கேளுங்கள். நாற்காலியின் நீள அகலத்தைச் சென்டிமீட்டரில் கொடுங்கள். ஆவணியில் ஞாயிற்றுக்கிழமை வண்டி கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் வந்தால் குறைந்தது மூன்று மணி நேரம் கையில் இருக்கட்டும், மழைக்காலம் என்றால் இன்னும் கூட. பாஸ்போர்ட் அவரவர் பையில் அவரவர் வைத்திருங்கள். முகவர் பின்னால் மன்னிப்புக் கேட்டு ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பினார். அதையும் சொல்லிவிடுவது நியாயம்.

கப்பலைப் பற்றித் தனியாக எழுத என்னிடம் அதிகம் இல்லை. அக்கா பெரும்பாலும் மேல்தளத்தில் இருந்தாள், யாருடனாவது பேசிக்கொண்டு. நான் அறையில் நன்றாகத் தூங்கினேன். இத்தனை வருடங்களில் அப்படித் தூங்கியதில்லை.

வருகிற தை மாதம் அவள் கொழும்பு போகிறாள், தனியாக. வண்டி, விடுதி எல்லாம் அவளே பேசி முடித்துவிட்டாள். என் பங்குக்கு ஒரே ஒரு வேலை கொடுத்திருக்கிறாள்: விமான நிலையத்தில் கொண்டுபோய் விட வேண்டும். வாசலோடு திரும்பிவிட வேண்டும் என்பது நிபந்தனை. சரி என்று சொல்லியிருக்கிறேன்.